ஹேண்ட்பிரேக்: வீட்டில் எடிட் செய்த வீடியோ வெளியிலும் ஓட வேண்டுமா?

வி.எல்.சி. பிளேயரில் ஓடிவிட்டதே என்று நம்பி யாருக்கும் வீடியோ ஃபைலைக் கொடுத்துவிடக் கூடாது. வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் வேண்டிய கோடெக் என்ற நிரல்கள் எல்லாவற்றையும் வி.எல்.சி. தன் வயிற்றிலேயே வைத்திருக்கிறது. எதைப் போட்டாலும் செரித்துவிடும். நீங்கள் கொடுத்த பென்டிரைவ் போய்ச் சேரும் இடம் அப்படி இருக்காது. மண்டபத்தில் எல்.இ.டி. திரை போடுபவரின் பழைய லேப்டாப், பள்ளி ஆண்டு விழா ஹாலில் கிடக்கும் விண்டோஸ் பெட்டி, சித்தப்பா வீட்டு டிவியின் பின்பக்க யு.எஸ்.பி. துளை, இப்படி எங்கேயோ போகும். அங்கே சத்தம் மட்டும் வரும், திரை கறுப்பாக நிற்கும். இல்லையென்றால் படம் ஓடும், பாட்டு வராது.

இந்தத் தொல்லைக்குப் பல வருடமாகக் கைகொடுப்பது ஹேண்ட்பிரேக், ஒரு வகை வீடியோவை இன்னொரு வகையாக மாற்றித் தரும் மென்பொருள். விலை இல்லை, விளம்பரம் இல்லை, வாட்டர்மார்க் இல்லை. ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2003-ல் எரிக் பெத்தி என்பவர் பீ-ஓஎஸ் என்ற இயங்குதளத்துக்காக, டிவிடியிலிருந்து படத்தை எடுக்க எழுதியது. 1.0 என்ற எண்ணைத் தொட்டது 2016 டிசம்பரில்தான். அவசரப்படாத ஆட்கள், மென்பொருளும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. தாராளமாக நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அதில் தானாக வரும் சில அமைப்புகள் வீட்டு வீடியோவுக்குப் பொருந்தாதவை, அவற்றில் கை வைக்க வேண்டும். சில ஃபைல்களுக்கு இது தேவையே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கையில் இருப்பது வீடியோதானா?

ஹேண்ட்பிரேக்கைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை. எடிட்டிங் மென்பொருளில் 'சேவ்' கொடுத்தால் கிடைப்பது புராஜெக்ட் ஃபைல். எந்த கிளிப் எங்கே தொடங்குகிறது, எந்தப் பாட்டு எவ்வளவு சத்தம் என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும். படமும் பாட்டும் உங்கள் ஹார்டு டிஸ்கிலேயே இருக்கும். பழைய விண்டோஸ் மூவி மேக்கரில் செய்த வேலையைப் பென்டிரைவில் எடுத்துப் போய், அங்கே ஒன்றும் திறக்காமல் நின்றவர்கள் ஏராளம். மூவி மேக்கருக்கு மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் மூடுவிழா நடத்திவிட்டது, ஆனால் அதே தவறு ஷாட்கட், கேடென்லைவ், பிரீமியர் என்று எல்லாவற்றிலும் தொடர்கிறது. ஃபைல் அளவைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: இருபது நிமிட வீடியோ சில நூறு கேபி இருக்கிறது என்றால் அது வீடியோ இல்லை. எக்ஸ்போர்ட் அல்லது ரெண்டர் கொடுத்துத்தான் வீடியோ எடுக்க வேண்டும். புராஜெக்ட் ஃபைலை ஹேண்ட்பிரேக்குக்குக் கொடுத்தால் அதற்கும் ஒன்றும் புரியாது.

அடுத்த குழப்பம் பெயர். எம்பி4, எம்ஓவி, ஏவிஐ, எம்கேவி எல்லாம் வெறும் டிபன் கேரியர்கள். மேலே ஒட்டிய லேபிளை மாற்றினால் உள்ளே இருக்கும் குழம்பு மாறாது. ஏவிஐ என்று முடியும் பெயரை எம்பி4 என்று ரீநேம் செய்வதால் எதுவும் ஆகாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மீடியாஇன்ஃபோ என்ற சின்ன இலவசக் கருவி போதும். ஃபைலை அதன்மேல் இழுத்துப் போட்டு, டெக்ஸ்ட் வியூவுக்கு மாற்றுங்கள். வீடியோ பகுதியில் நாலு வரியைப் படித்தால் போதும். ஃபார்மட் என்ற இடத்தில் ஏவிசி என்று இருக்க வேண்டும்; எச்.264-க்கு இன்னொரு பெயர் அது. புரொஃபைல் என்ற இடத்தில் மெயின் அல்லது ஹை. குரோமா சப்சாம்ப்ளிங், அதாவது நிறத்தை எவ்வளவு நுணுக்கமாக வைத்திருக்கிறது என்பது, 4:2:0. பிட் டெப்த் 8. ஆடியோ பகுதியில் ஏஏசி, இரண்டு சேனல். இந்த ஐந்தும் எம்பி4 டப்பாவுக்குள் இருந்தால், விண்டோஸ் 7-க்குப் பிறகு வந்த எந்தச் சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டரும் வேறெதையும் நிறுவாமல் ஓட்டும், மேக்கும் ஓட்டும், கடந்த பத்து வருடத்து டிவிகளில் பெரும்பாலானவையும் ஓட்டும்.

சிக்கல் பெரும்பாலும் ஒளிந்திருப்பது இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வரிகளில். எச்.264 என்றே இருக்கும், எம்பி4 என்றே இருக்கும், ஆனாலும் ஓடாது. உற்றுப் பார்த்தால் 'ஹை 4:2:2' என்றோ 'ஹை 4:4:4 பிரெடிக்டிவ்' என்றோ 10 பிட் என்றோ இருக்கும். நல்ல கேமராக்களில் 4:2:2 10 பிட்டில் எடுத்து அப்படியே எக்ஸ்போர்ட் செய்தால் இப்படி ஆகும். ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் ஐ444 என்ற நிற அமைப்பை வைத்துப் பதிவு செய்தாலும், போட்டோக்களை அடுக்கி எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி வழியாக ஸ்லைடுஷோ செய்தாலும் இதே கதை. விண்டோஸோடு வரும் எச்.264 டிகோடர் பேஸ்லைன், மெயின், ஹை என்ற மூன்று புரொஃபைலோடு நின்றுவிடுகிறது. டிவிக்குள் இருக்கும் சிப்பும் அப்படித்தான்.

இன்னொரு வகை எச்.265, அதாவது ஹெச்இவிசி. 2017-ல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன்கள் இதில்தான் பதிவு செய்கின்றன. பல விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இதற்கான நீட்சியை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் காசு கொடுத்து வாங்க வேண்டும். தொகை சிறியதுதான். ஆனால் நிகழ்ச்சி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அடுத்தவர் லேப்டாப்பில் யார் அதை வாங்கிக்கொண்டிருப்பது?

அமைப்புகள்

எடிட்டரிலிருந்து ஹேண்ட்பிரேக்குக்குக் கொடுக்கும் பிரதி நல்ல தரத்தில் இருக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் ஒவ்வொரு முறையும் படத்தை முழுக்கப் புதிதாகச் சுருக்குகிறது. ஒவ்வொரு சுருக்கலிலும் கொஞ்சம் தரம் போகும். எடிட்டரிலேயே 5 எம்பிபிஎஸ்ஸுக்கு (வினாடிக்கு 5 மெகாபிட்) பிழிந்துவிட்டு மறுபடி இதில் பிழிந்தால் முகம் எல்லாம் மாவாகிவிடும். எடிட்டரில் 30, 40 எம்பிபிஎஸ் எச்.264 எக்ஸ்போர்ட் போதும். எடிட்டிங்குக்கென்றே உள்ள புரோரெஸ் 422 வடிவில் கொடுக்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் 1080 அளவில், வினாடிக்கு 25 ஃபிரேமில் அது 122 எம்பிபிஎஸ். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 55 ஜிபி. டிஸ்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபைலை ஹேண்ட்பிரேக்கில் இழுத்துப் போட்டதும் 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற பிரிசெட் (முன்பே தயாராக உள்ள அமைப்புத் தொகுப்பு) தானாகவே வந்து உட்காரும். எம்பி4, எச்.264, மெயின் புரொஃபைல், ஏஏசி ஸ்டீரியோ 160 கேபிபிஎஸ். அடிப்படை சரிதான். 4கே வீடியோ கொடுத்தாலும் 1080-க்கு இறக்கிவிடும், அதுவும் பழைய கம்ப்யூட்டருக்கு நல்லதே.

முதலில் மாற்ற வேண்டியது டைமென்ஷன்ஸ் தாவலில் உள்ள கிராப்பிங். அது 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கும்; 'நன்' ஆக்குங்கள். ஹேண்ட்பிரேக் ஃபைலைத் திறக்கும்போது அங்கங்கே பத்து ஃபிரேமை எடுத்துப் பார்த்து, ஓரத்தில் கறுப்பு இருந்தால் வெட்டிவிடும். திரைப்பட டிவிடிக்கு இது வசதி. வீட்டு வீடியோவில் கறுப்புப் பின்னணியில் பெயர் வரும், செங்குத்தாக எடுத்த போன் கிளிப்பின் இருபுறமும் கறுப்பு இருக்கும், மேடை இருட்டாக இருக்கும். இதையெல்லாம் பட்டை என்று நினைத்து வெட்டினால் கிடைப்பது 1920க்கு 1080 இல்லாத ஏதோ ஓர் அளவு. சில இடத்தில் தலைப்பின் ஓரமும் போய்விடும்.

அடுத்தது ஃபிரேம் ரேட், அதாவது வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கு. '30, பீக் ஃபிரேம்ரேட்' என்று இருக்கும். நம் ஊர் ஸ்டுடியோ கேமராக்கள் பெரும்பாலும் 25 அல்லது 50-ல் பதிவு செய்பவை. 25 அப்படியே 25-ஆகப் போய்விடும், பிரச்சினை இல்லை. 50-ல் எடுத்ததை 30-க்குள் அடைத்தால் ஃபிரேம்கள் சமமில்லாமல் விழும். கேமரா பக்கவாட்டில் திரும்பும்போதெல்லாம் படம் தத்தித் தத்திப் போகும். அதற்கு 25 என்று தேர்ந்தெடுத்து 'கான்ஸ்டன்ட்' வையுங்கள். 50-ஐயே தக்க வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் 'சேம் ஆஸ் சோர்ஸ்' கொடுத்து, லெவல் என்ற வரம்பை 4.0-லிருந்து 4.2-க்கு ஏற்றுங்கள், 4.0 என்பது 1080 அளவில் வினாடிக்கு 30 ஃபிரேமோடு முடிகிறது. ஆனால் அப்படிச் செய்த ஃபைல் சில பழைய டிவிகளில் திணறும். 50-ல் எடுத்து, எங்கே ஓடப் போகிறது என்று தெரியாத ஃபைலுக்கு 25 கான்ஸ்டன்டே பாதுகாப்பு.

கான்ஸ்டன்ட், அதாவது மாறாத ஃபிரேம் ரேட், என்பதை வலியுறுத்தக் காரணம் உண்டு. செல்போன்கள் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஃபிரேம் ரேட்டைக் கூட்டிக் குறைக்கும். அந்த கிளிப்பை அப்படியே டைம்லைனில் போட்டால், பேச்சு தொடக்கத்தில் உதட்டோடு பொருந்தி, பத்து நிமிடம் கழித்துப் பின்தங்கிப் போகலாம். எக்ஸ்போர்ட் ஆன பிறகு இதைச் சரிசெய்வது வீண் வேலை. எடிட் செய்வதற்கு முன்பே அந்தப் போன் கிளிப்களை ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் ஆக்கி எடுத்துக்கொள்ள வேண்டும்.

தரத்தைத் தீர்மானிப்பது ஆர்எஃப் என்ற எண். எண் குறைந்தால் தரமும் ஃபைல் அளவும் கூடும். ஆறு புள்ளி இறக்கினால் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். பிரிசெட்டில் 22 இருக்கும். மேடை விளக்கு, பூத்தூவல், நடனம் எல்லாம் உள்ள வீடியோவுக்கு 20 வையுங்கள். 18-க்குக் கீழே போனால் ஃபைல் பருக்குமே தவிர, மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. என்கோடர் பட்டியலில் என்விடியா, இன்டெல், ஏஎம்டி பெயர்களில் வேகமான வகைகள் இருக்கும். பல மடங்கு வேகம்தான், ஆனால் அதே தரத்துக்குக் கூடுதல் இடம் எடுக்கும். நேரம் இருக்கும்போது 'எக்ஸ்264' என்பதையே வைத்துக்கொள்வது நல்லது. புரொஃபைலை 'ஆட்டோ' என்று விடாமல் மெயின் அல்லது ஹை என்று நீங்களே சொல்லிவிடுங்கள், அதோடு 4:2:2 தொல்லையும் தீரும்.

ஆடியோவில் பெரும்பாலும் மாற்ற ஒன்றும் இல்லை. சட்டையில் குத்தும் மைக்கில் பதிவானது இடது ஸ்பீக்கரில் மட்டும் கேட்கிறது என்றால், மிக்ஸ்டவுனில் 'மோனோ, லெஃப்ட் ஒன்லி' என்று ஒரு தேர்வு இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

சம்மரி தாவலில் 'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற கட்டம், ஃபைலின் அட்டவணையைக் கடைசியிலிருந்து தொடக்கத்துக்கு நகர்த்தும். இணையத்தில் ஏற்றி, முழுவதும் இறங்கும் முன்பே பார்ப்பதற்கு அது வேண்டும். பென்டிரைவுக்குத் தேவையில்லை, வைத்தாலும் கெடுதல் இல்லை.

எல்லாம் முடிந்ததும் 'சேவ் நியூ பிரிசெட்' கொடுத்து 'மண்டபம்' என்றோ வேறு எதுவோ பெயர் வைத்துக்கொண்டால் அடுத்த முறை ஒரே கிளிக். முழு வீடியோவையும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். ரேஞ்ச் என்ற இடத்தில் 'செகண்ட்ஸ்' எடுத்து 60 முதல் 120 வரை மட்டும் கொடுத்து, அந்த ஒரு நிமிடத்தை இன்னொரு கம்ப்யூட்டரில் சோதித்துவிட்டு மீதியைத் தொடங்குங்கள்.

பெயர் எம்4வி என்று முடிந்துவிட்டதா? அத்தியாயக் குறியோ சப்டைட்டிலோ இருந்தால் ஹேண்ட்பிரேக் அப்படிச் செய்யும். ரீநேம் எதையும் மாற்றாது என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு: எம்4வியும் எம்பி4-உம் ஒரே டப்பா, தாராளமாகப் பெயர் மாற்றலாம். பிரிஃபரன்சஸில் அவுட்புட் ஃபைல்ஸ் பகுதியில் எப்போதும் எம்பி4 என்று நிரந்தரமாகவே வைத்துவிடலாம்.

தமிழ் சப்டைட்டில்

எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் ஃபைலைச் சேர்ப்பது எளிது; தமிழ் தெரிய வைப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். நோட்பேடில் சேமிக்கும்போது என்கோடிங் யுடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும். ஆன்சி என்று சேமித்தால் தமிழ் முழுதும் கேள்விக்குறிகளாகிவிடும், மீட்க முடியாது. ஹேண்ட்பிரேக்கில் இம்போர்ட் செய்யும்போதும் கேரக்டர் கோடு யுடிஎஃப்-8 தானா என்று ஒரு முறை பாருங்கள். ஸ்டுடியோக்களில் இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிக்கும் பழக்கம் போகவில்லை. பாமினியில் அடித்த எஸ்ஆர்டி உண்மையில் ஆங்கில எழுத்துக் கோப்புதான், எழுத்துருவை மாற்றினால் தமிழ் போல் தெரியும், அவ்வளவே. வீடியோவில் ஏற்றினால் புள்ளி வைத்த இடத்தில் எல்லாம் அரைப்புள்ளி விழுந்த ஆங்கிலக் குப்பையாக வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எம்பி4-க்குள் தனியாக வைக்கும் சப்டைட்டிலைப் பல டிவிகள் கண்டுகொள்வதில்லை. கட்டாயம் தெரிய வேண்டும் என்றால் 'பர்ன் இன்' கொடுத்துப் படத்தோடு சேர்த்துப் பொறித்துவிடுவதே வழி. உங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு இருந்தால் போதும். விண்டோஸில் நிர்மலா யு.ஐ. ஏற்கெனவே இருக்கிறது. கொம்பும் காலும் இடம் மாறாமல் வருகிறதா என்று ஒரு நிமிடத் துண்டில் பார்த்துவிடுங்கள்.

பென்டிரைவும் 4 ஜிபியும்

வீடியோவில் பிழையே இல்லை, காப்பி ஆக மாட்டேன் என்கிறது என்றால் பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கிறது என்று பொருள். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு ஃபார்மட் செய்தால் விண்டோஸும் மேக்கும் படிக்கும். பழைய டிவிகள் பலவற்றுக்கு எஃப்ஏடி32 மட்டுமே தெரியும். டிவிக்காக என்றால் ஃபைலைத்தான் சுருக்க வேண்டும். அப்போது ஆர்எஃப்பை விட்டுவிட்டு சராசரி பிட்ரேட்டுக்கு (வினாடிக்கு இவ்வளவு டேட்டா என்ற கணக்குக்கு) மாறுங்கள். இரண்டு மணி நேரம் என்பது 7,200 வினாடி. வீடியோ 4,300, ஆடியோ 160, மொத்தம் 4,460 கேபிபிஎஸ். அதை 7,200-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 40.1 லட்சம் கேபி, எல்லைக்குள் அடங்கும். இரண்டு பாஸ், அதாவது வீடியோவை இரண்டு முறை ஓட்டச் சொல்லும் கட்டத்தையும் டிக் செய்யுங்கள். நேரம் கூடும், ஆனால் ஒதுக்கிய இடத்தை நடனத்துக்கும் பேச்சுக்கும் நியாயமாகப் பிரித்துக் கொடுக்கும்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் வீடியோவாக அனுப்பாதீர்கள், இத்தனை உழைப்பையும் அது மறுபடி பிழிந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும்.

குறைகள்

கிளிப்களை ஒட்ட இதனால் முடியாது. ஏவிஐ எழுத முடியாது, அந்த வசதியை எப்போதோ எடுத்துவிட்டார்கள்; யு.எஸ்.பி. உள்ள பழைய டிவிடி பிளேயருக்கு எக்ஸ்விட் ஏவிஐ வேண்டும் என்றால் அவிடெமக்ஸ் என்ற மென்பொருள் பக்கம் போக வேண்டும். டிவிடி தட்டு எழுதுவதும் இதன் வேலை இல்லை.

பெரிய குறை, படத்தைத் தொடாமல் டப்பாவை மட்டும் மாற்றத் தெரியாதது. மீடியாஇன்ஃபோவில் ஐந்து வரியும் சரியாக இருந்து, எம்ஓவி அல்லது எம்கேவி என்ற டப்பாதான் சிக்கல் என்றால் ஹேண்ட்பிரேக்கில் அரை மணி நேரம் லேப்டாப்பைக் கொதிக்க விடுவது வீண். லாஸ்லெஸ்கட்டிலோ, ஷட்டர் என்கோடரின் 'ரீராப்' வசதியிலோ சில வினாடியில் தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும். எடிட்டரே ஹை புரொஃபைல், 4:2:0, 8 பிட் எம்பி4 நேராகக் கொடுக்கிறது என்றாலும் இடையில் ஹேண்ட்பிரேக் எதற்கு?

கூடுதல் வெளிச்சமும் நிறமும் பதியும் ஐபோன் எச்டிஆர் வீடியோவை 8 பிட் எச்.264 ஆக்கினால் சாயம் போன புடவை மாதிரி வெளிறிவிடும். ஹேண்ட்பிரேக்கில் இதோடு மல்லுக்கட்டுவதைவிட, எடுப்பதற்கு முன்பே போன் கேமரா அமைப்பில் எச்டிஆர் வீடியோவை நிறுத்தி, ஃபார்மட்டில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைத்துவிடலாம்.

பழைய கல்யாண கேசட்டுகளுக்கு மட்டும் இது தங்கம். மினிடிவி (MiniDV) என்ற சின்ன கேமரா கேசட்டிலிருந்து எடுத்த ஏவிஐ 720க்கு 576, மணிக்கு 13 ஜிபி, அசையும் கைகளின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள். ஃபில்டர்ஸில் டீகோம்ப் அல்லது யாடிஃப் வைத்து, ஆர்எஃப் 18 அல்லது 19 கொடுத்தால் கோடு போய், ஃபைல் பத்தில் ஒரு பங்குக்குச் சுருங்கும்.

கரண்ட் விஷயம். எம்பி4-இன் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது. 95 சதவீதத்தில் கரண்ட் போனாலும் கையில் இருப்பது திறக்காத ஃபைல்தான். முதலிலிருந்து தொடங்க வேண்டும். டெஸ்க்டாப்பில் யுபிஎஸ் இல்லாமல் இரவு முழுக்க கியூவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

பதிவிறக்கம் ஹேண்ட்பிரேக் டாட் எஃப்ஆர் என்ற தளத்திலிருந்து மட்டும். பெயரைக் காப்பியடித்த தளங்கள் தேடலில் வரும். அதிகாரபூர்வ இடத்திலேயே 2017 மே மாதத் தொடக்கத்தில் ஒரு பதிவிறக்க சர்வரை ஹேக்கர்கள் உடைத்து, மேக் பிரதியில் புரோட்டான் என்ற தீநிரலைச் சில நாள் வைத்திருந்தார்கள். அதனால் தளத்தில் கொடுத்துள்ள செக்சம் எண்ணை (ஃபைலின் கைரேகை மாதிரி) இறக்கிய ஃபைலின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அதிகப்படியான எச்சரிக்கை இல்லை. விண்டோஸில் நிறுவியதும் டாட்நெட் டெஸ்க்டாப் ரன்டைம் கேட்கும். அது மைக்ரோசாஃப்டுடையதுதான், பயப்பட வேண்டாம்.

ஃபைலைப் பென்டிரைவில் ஏற்றியதும் 'எஜெக்ட்' கொடுத்து எடுத்து, மறுபடி செருகி, வி.எல்.சி.யை ஒதுக்கிவிட்டு விண்டோஸின் சொந்த பிளேயரில் திறவுங்கள். நடுவில் ஒரு இடம், கடைசி அரை நிமிடம் இரண்டுக்கும் இழுத்துப் பாருங்கள்; காப்பி பாதியில் நின்றிருந்தால் முதல் நிமிடத்தில் தெரியாது, அங்கேதான் தெரியும். மண்டபத்தில் பென்டிரைவிலிருந்து நேராக ஓட்ட விடாதீர்கள். மலிவான பென்டிரைவ் நடுவில் திக்கும். ஃபைலை டெஸ்க்டாப்பில் போட்டு ஓட்டச் சொல்லுங்கள்.